மூன்று துளை பாட்டில்: கீழ்த் துளைத் தண்ணீர் ஏன் தூரம் போகவில்லை?

தொட்டிக்காரன் | செவ்வாய், இரவு 9.40

வணக்கம். இங்கே நான் படிப்பதோடு சரி, எழுதுவது அபூர்வம். இன்று 36 பிள்ளைகள் முன்னால் ஒரு தண்ணீர் பாட்டிலிடம் தோற்றுவிட்டு வந்திருக்கிறேன். அதனால் எழுதுகிறேன்.

என்னைப் பற்றி இரண்டு வரி. எட்டு வருஷம் சிங்கப்பூரில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்குகளில் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிக்கும் பம்புக்கும் பராமரிப்பு வேலை பார்த்தேன். அப்புறம் பயிற்சி முடித்து ஆசிரியராக மாறினேன். உயர்நிலை மூன்றுக்கு இயற்பியல் எடுக்கிறேன், இது இரண்டாவது வருஷம். பாடம் நடத்துவது ஆங்கிலத்தில்தான். ஆனால் ஒரு விஷயம் எனக்கே புரிந்திருக்கிறதா என்று பார்க்க, முந்தின நாள் இரவு அதை அம்மாவிடம் தமிழில் சொல்லிப் பார்ப்பேன். அம்மா "சரி, அப்புறம்?" என்று கேட்டால் பாஸ். "என்னப்பா உளறுறே" என்றால் மறுபடி உட்கார வேண்டும். நேற்று இந்தப் பாடத்துக்கு "சரி, அப்புறம்?" கிடைத்தது. அதை நம்பிப் போனேன்.

பாடம், திரவத்தில் ஆழம் கூடக் கூட அழுத்தம் கூடும் என்பது. இதை நான் புத்தகம் பார்த்துச் சொல்ல வேண்டியதே இல்லை. ஒரு மாடிக்கு 2.8 மீட்டர் என்று வையுங்கள். தொட்டியிலிருந்து பத்து மாடி இறங்கினால் 28 மீட்டர் தண்ணீர் தலைக்குமேல் நிற்கிறது. அந்தத் தண்ணீரின் அழுத்தம் மட்டுமே வளிமண்டல அழுத்தத்தைப்போல 2.7 மடங்கு. மேல்மாடியில் ஷவர் சொட்டுகிறது என்று புகார் வரும். கீழ்மாடியில் அழுத்தக் குறைப்பு வால்வு கெட்டுவிட்டால் குழாயைத் திறந்ததும் சட்டை நனையும். இரண்டுக்கும் கருவிப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடியவன் நான்.

செய்முறைக்கு ஒன்றரை லிட்டர் பாட்டில் ஒன்று எடுத்தேன். அடியிலிருந்து 6, 12, 18 செ.மீ. உயரத்தில் மூன்று துளை. காம்பஸ் முனையை மெழுகுவத்தியில் காட்டிக் குத்தினேன். மூன்றையும் ஒரே நீள டேப்பால் ஒட்டி, 24 செ.மீ. வரை தண்ணீர் நிரப்பி, மூடியைக் கழற்றி வைத்தேன். அம்மா வற்றல் காயவைக்கும் பெரிய பிளாஸ்டிக் தட்டை மேசைமேல் வைத்து, அதற்குள் பாட்டில். பலகையில் வழக்கமான படமும் வரைந்தேன்: மேல் துளைத் தண்ணீர் பக்கத்திலேயே விழும், நடுத்துளை கொஞ்சம் தள்ளி, கீழ்த் துளை எல்லாவற்றையும் தாண்டி. "கீழேதான் அழுத்தம் அதிகம், அதனால் அதுதான் தூரம் போகும், பாருங்கள்" என்று சொல்லிவிட்டு டேப்பை ஒரே இழுப்பாக இழுத்தேன்.

நடுத்துளைத் தண்ணீர்தான் தூரம் போனது. மேலும் கீழும் கிட்டத்தட்ட ஒரே இடத்தில் விழுந்தன. பின்வரிசையில் ஒருவன், "சார், பாட்டில் வீட்டுப்பாடம் செய்யவில்லை" என்றான். சிரிப்பு. சரி, அதை விடுங்கள். முன்வரிசையில் ஒரு மாணவி எழுந்து வந்து தட்டில் அடிக்கோலை வைத்து அளந்தாள். நடு 22 செ.மீ., மற்ற இரண்டும் 19. பிறகு அவள் மெதுவாகக் கேட்டாள்: "அப்படியானால் நடுவில்தான் அழுத்தம் அதிகமா, சார்?"

துளை சரியாக விழவில்லை, ஓரம் பிசிறு, என்று ஏதோ சொன்னேன். அவள் தலையாட்டிவிட்டு நோட்டில் எழுதினாள். என்ன எழுதினாள் என்று தெரியாது. அதுதான் இன்னும் மனசில் உறுத்துகிறது.

என் கேள்வி: தப்பு பாட்டிலிலா, படத்திலா? அடுத்த வாரம் காற்றழுத்தம். தட்டில் தண்ணீர், நடுவில் மெழுகுவத்தி, மேலே கண்ணாடிக் குவளை. எரிந்து ஆக்சிஜன் தீர்ந்ததால் அந்த ஐந்தில் ஒரு பங்கு இடத்துக்குத் தண்ணீர் ஏறுகிறது என்று பயிற்சித்தாளில் இருக்கிறது. இன்றைக்குப் பிறகு அதையும் நம்பப் பயமாக இருக்கிறது. செய்து பழகியவர்கள் சொல்லுங்கள்.

---

ஆய்வுக்கூட அக்கா | செவ்வாய், இரவு 10.15

தம்பி, பாட்டில்மேல் குற்றமில்லை. மேசைமேல்தான் குற்றம்.

பள்ளி ஆய்வுக்கூடத்தில் 27 வருஷம் உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். இந்தப் பாட்டிலை எத்தனை புது ஆசிரியர்களுக்குத் தயார் செய்து கொடுத்திருப்பேன் என்று கணக்கே இல்லை. பாதிப்பேர் உங்களைப் போலத்தான் முழித்தார்கள்.

தண்ணீர் எவ்வளவு தூரம் போகும் என்பதை இரண்டு விஷயம் தீர்மானிக்கிறது. துளையை விட்டு வெளியே வரும் வேகம் ஒன்று. கீழே விழுந்து சேர எடுக்கும் நேரம் இன்னொன்று. கீழ்த் துளையில் வேகம் அதிகம்தான், அதில் சந்தேகமில்லை. ஆனால் தட்டுக்கும் அதற்கும் 6 செ.மீ.தான் இடைவெளி. பாவம், ஓட ஆரம்பிப்பதற்குள் தரை வந்துவிடுகிறது. மேல் துளைக்கு விழ நிறைய நேரம் உண்டு, ஆனால் வேகமில்லை. நடுத்துளைக்கு இரண்டும் ஓரளவு கிடைக்கிறது, ஜெயித்துவிடுகிறது.

பாட்டிலை நாற்காலிமேல் வைத்து, தண்ணீரைத் தரையில் விழவிடுங்கள். உங்கள் பலகைப் படம் அப்படியே வரும்.

வேலை நுணுக்கம் கொஞ்சம். சூட்டு முனையால் குத்தினால் துளையைச் சுற்றி உருகிய பிளாஸ்டிக் மோதிரம்போல் எழும்பி நிற்கும், தண்ணீர் அதில் பட்டுத் திரும்பும். நீங்கள் பிசிறு என்று சொன்னது முழுப் பொய்யில்லை, ஆனால் காரணம் அதுவல்ல. 3 மி.மீ. டிரில் முனையைக் கையால் திருகித் துளையுங்கள், சுத்தமாக விழும். ஒரு பிள்ளையை ஜாடியுடன் நிற்கவைத்து மட்டம் 24-ஐ விட்டு இறங்காமல் ஊற்றச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் அளப்பதற்குள் எல்லாமே மாறிவிடும். நிறம் வேண்டுமென்றால் உணவுச் சாயம் ஒரு சொட்டு. பண்டோங் பானத்துக்கு ஊற்றும் ரோஸ் சிரப்பைக் கலக்காதீர்கள். ஒருவர் கலந்தார். மறுநாள் ஆய்வுக்கூடம் முழுக்க எறும்பு.

---

சந்தேகப்பிராணி | செவ்வாய், இரவு 10.32

அக்கா சொல்வதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். என் மகனுக்காகப் போன மாதம்தான் வீட்டில் இதைச் செய்தேன். நாற்காலியும் கிடையாது ஒன்றும் கிடையாது. கீழ்த் துளைதான் தூரம் போனது, அதுவும் நல்ல வித்தியாசத்தில். அவர் பாட்டிலில்தான் ஏதோ கோளாறு.

ஆய்வுக்கூட அக்கா | செவ்வாய், இரவு 10.36

பாட்டிலை எங்கே வைத்தீர்கள்? தண்ணீர் எங்கே விழுந்தது?

சந்தேகப்பிராணி | செவ்வாய், இரவு 10.41

சமையலறை சிங்க் விளிம்பில் வைத்தேன். தண்ணீர் சிங்க்குக்குள்ளே விழுந்தது.

ஓ. சரி சரி. புரிந்தது.

---

கணக்குப்பிள்ளை | புதன், காலை 6.50

ரயிலில் போய்க்கொண்டே எழுதுகிறேன். தொடக்கக்கல்லூரியில் இயற்பியல் நடத்துகிறேன். எண்ணைப் போட்டால் சண்டையே வராது.

துளையை விட்டு வரும் வேகம், தண்ணீர் மட்டத்திலிருந்து அந்த ஆழத்துக்கு ஒரு கல் விழுந்தால் என்ன வேகம் வருமோ அதே வேகம். இத்தாலிய விஞ்ஞானி டொரிசெல்லி 1644-இல் அச்சிட்டுவிட்டுப் போன விஷயம். விழும் நேரமும் அதே மாதிரி உயரத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. இரண்டையும் பெருக்கினால் புவியீர்ப்பு அடிபட்டுப் போய், அழகாக ஒரு விடை வருகிறது: மட்டத்திலிருந்து துளைவரை உள்ள ஆழத்தையும், துளையிலிருந்து தரைவரை உள்ள உயரத்தையும் பெருக்கி, வர்க்கமூலம் எடுத்து, இரண்டால் பெருக்கினால் தூரம்.

உங்கள் பாட்டில் மேசைமேல் இருந்தபோது: மேல் துளைக்கு 6 பெருக்கல் 18. கீழ்த் துளைக்கு 18 பெருக்கல் 6. இரண்டும் 108-தான், அதனால் இரண்டும் 20.8 செ.மீ. நடுவுக்கு 12 பெருக்கல் 12, தூரம் 24 செ.மீ. அந்த மாணவி அளந்தது 19, 22, 19. மூன்றுமே கணக்கில் வருவதைவிட எட்டிலிருந்து ஒன்பது சதவீதம் குறைவு, அது பிசிறும் உராய்வும் தின்றது. பிசிறுக்கு நடுவிலும் அவள் அளவு அத்தனை ஒழுங்காக வந்திருக்கிறது. அவளிடம் இதைச் சொல்லுங்கள்.

45 செ.மீ. உயர நாற்காலிமேல் வைத்தால் ஒவ்வொரு துளைக்கும் விழும் உயரத்தில் 45 கூடும். மேல் 39, நடு 52, கீழ் 61 செ.மீ. கிட்டத்தட்ட இப்படி வரும். ஆக, படம் தப்பா என்று கேட்டால், தண்ணீர் எங்கே விழுகிறது என்று படத்தில் பாருங்கள். பாட்டிலின் அடிமட்டத்திலேயே கோடு போட்டு, கீழ்த் துளைத் தண்ணீர் அந்தக் கோட்டிலேயே எல்லாரையும் தாண்டி விழுவதாக வரைந்திருந்தால் படம் தப்பு.

ஆனால் நாற்காலி வைத்தியம் எனக்கு முழு திருப்தி இல்லை. நாற்காலியில் வைத்து "பார், கீழே அழுத்தம் அதிகம்" என்று சொன்னால், மேசையில் வைத்து "பார், நடுவில் அதிகம்" என்று அவள் சொன்னதற்கு என்ன பதில்? தூரத்தை அளப்பதை விட்டுவிடுங்கள். பாட்டிலிலிருந்து 10 செ.மீ. தள்ளி ஒரு அடிக்கோலைச் செங்குத்தாக நிறுத்துங்கள். தண்ணீர் அந்தக் கோலைத் தாண்டும்போது துளை மட்டத்திலிருந்து எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பாருங்கள். வேகமாக வரும் தண்ணீர் அந்தப் பத்து சென்டிமீட்டருக்குள் அதிகம் தொங்காது. கணக்குப்படி மேல் துளை 4.2, நடு 2.1, கீழ் 1.4 செ.மீ. இறங்கும். இப்போது இறக்கத்தை ஆழத்தால் பெருக்கிப் பாருங்கள். மூன்றும் 25. மேசையில் வைத்தாலும் நாற்காலியில் வைத்தாலும் 25-தான், மாறாது. கைபேசியில் படம் எடுத்து நிதானமாக அளக்கலாம்.

என் நிறுத்தம் வந்துவிட்டது.

---

உப்புமா கெமிஸ்ட் | புதன், மதியம் 1.05

மெழுகுவத்திக் கேள்விக்கு யாரும் வாய் திறக்கவில்லையே. நான் வேதியியல், அதனால் இது என் வீட்டுப் பிரச்சினை.

ஐந்தில் ஒரு பங்கு கதை பார்க்க அழகாக இருக்கும், அதனால்தான் சாக மறுக்கிறது. குவளைக்குள் ஆக்சிஜன் முழுக்கத் தீர்வதே இல்லை. 21 சதவீதத்திலிருந்து சுமார் 16-க்கு வந்ததுமே சுடர் செத்துவிடும். தீர்ந்த அந்த 5 பங்குக்குப் பதிலாக 3 பங்குக்குக் கொஞ்சம் மேலே கரியமில வாயு வந்து உட்கார்ந்துகொள்கிறது, அது தண்ணீரில் அவ்வளவு சீக்கிரம் கரையாது. எரியும்போது வரும் நீராவி குளிர்ந்து தண்ணீராகிவிடும், அதை விடுங்கள். ஆக ஆக்சிஜன் கணக்கில் காலியாகும் இடம் நூற்றில் இரண்டு பங்குகூட இல்லை.

மிச்சம் எல்லாம் சூடு செய்த வேலை. குவளையைக் கவிழ்க்கும்போதே சுடர் உள்ளே உள்ள காற்றைச் சூடாக்கி வீங்கவைக்கிறது. ஒரு பகுதி வெளியே போய்விடுகிறது. சுடர் அணைந்ததும் மிச்சக் காற்று குளிர்ந்து சுருங்க, உள்ளே அழுத்தம் குறைய, வெளிக்காற்று தட்டுத் தண்ணீரை உள்ளே தள்ளுகிறது.

இதைப் பிள்ளைகள் கண்ணாலேயே பிடிக்கலாம். மூன்று விஷயத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். கவிழ்த்த உடனே குவளை விளிம்பில் குமிழி வருகிறதா? தண்ணீர் எப்போது ஏறுகிறது? ஆக்சிஜன் தீர்வதால் என்றால் எரிய எரிய மெல்ல மெல்ல ஏற வேண்டும். ஆனால் அது சுடர் அணைகிற வேளையில்தான் விறுவிறுவென்று ஏறும். அப்புறம் அதே குவளைக்குள் மூன்று மெழுகுவத்தி வையுங்கள், தண்ணீர் இன்னும் உயரமாக ஏறும். குவளை அதேதான், உள்ளே இருந்த ஆக்சிஜனும் அதேதான். பயிற்சித்தாளை அப்படியே கொடுத்துவிட்டு, இந்த மூன்றையும் பார்த்தபின் தாளில் எந்த வரி தப்பு என்று அவர்களையே கேளுங்கள்.

நெருப்பே வேண்டாம் என்றால் 500 மி.லி. பாட்டில் போதும். கை பொறுக்கும் சூட்டுக்குச் சற்று மேலே வெந்நீர் விட்டு, குலுக்கி, கொட்டிவிட்டு, உடனே மூடியை இறுக்கிக் குழாயடியில் காட்டுங்கள். மளமளவென்று ஒடுங்கும். மூடியைத் திறந்தால் புஸ்ஸென்று பெரும்பாலும் பழைய உருவத்துக்கு வந்துவிடும். கொதிக்கக் கொதிக்க ஊற்றிவிடாதீர்கள். அந்தப் பிளாஸ்டிக் சூட்டிலேயே சுருங்கிக் கோணலாகிவிடும், அப்புறம் எது காற்று செய்தது, எது சூடு செய்தது என்று உங்களுக்கே தெரியாது. இது நான் பட்டுத் தெரிந்துகொண்டது. வகுப்பில் அந்தப் பாட்டில் மூடியைத் திறந்தும் நிமிரவில்லை.

---

தெம்பனிஸ் அம்மா | புதன், இரவு 8.20

நான் ஆசிரியை இல்லை, ஒரு அம்மா. மகள் உயர்நிலை இரண்டு. காற்றழுத்தம் என்றால் எங்கள் வீட்டு மின்தூக்கிதான் ஆய்வுக்கூடம், அதைச் சொல்லலாம் என்று வந்தேன்.

சில கைபேசிகளில் காற்றழுத்த உணரி இருக்கும், எல்லாவற்றிலும் இருக்காது. ஃபைஃபாக்ஸ் என்று ஜெர்மனியில் ஆஹன் பல்கலைக்கழகத்தில் செய்த இலவசச் செயலி ஒன்று, அந்த உணரி காட்டுவதைக் கோடாக வரைந்து காட்டும். நாங்கள் இருப்பது 16-ஆம் மாடி. கீழே முதல் மாடியில் 1009.6 ஹெக்டோபாஸ்கல். மேலே வந்ததும் 1004.8. நடுவில் யாராவது ஏறினால் இறங்கினால் கோட்டில் படிக்கட்டு மாதிரி தெரியும். பக்கத்து வீட்டு மலாய் மாமி ஏழாம் மாடியில் ஏறியதுகூடக் கோட்டில் இருக்கிறது. மகள் அதைக் காட்டி, "மாமி, நீங்கள் இங்கே ஏறினீர்கள்" என்று சொல்ல, அவருக்கு ஒரே சிரிப்பு.

ஒரு மாடிக்கு 0.3 சொச்சம் குறைகிறது. வீட்டில் தரையிலிருந்து தலைக்குமேல் கைபேசியைத் தூக்கினாலே கோடு 0.2 அளவுக்கு இறங்குகிறது.

ஒரு எச்சரிக்கை. மகள் காலையில் கீழே அளந்துவிட்டு, பள்ளிவிட்டு வந்து சாயங்காலம் மேலே அளந்தாள். வித்தியாசம் எட்டு வந்தது! இரண்டு நாள் குழம்பினோம். நம் ஊரில் காற்றழுத்தம் தானாகவே தினமும் இரண்டு தடவை ஏறி இறங்குகிறது, காலை பத்து மணி வாக்கில் உச்சம், மாலை நாலு மணி வாக்கில் பள்ளம், மூன்று நாலு ஹெக்டோபாஸ்கல் வித்தியாசம். அது நிலநடுக்கோட்டுப் பக்கம்தான் இவ்வளவு தெளிவாகத் தெரியுமாம். அதனால் ஏறினால் உடனே இறங்கியும் அளக்க வேண்டும்.

கணக்குப்பிள்ளை | புதன், இரவு 9.02

அம்மா, இதை நான் திருடிக்கொள்கிறேன். பிரெஞ்சு விஞ்ஞானி பாஸ்கல் 1648-இல் செய்ததும் இதுதான். உடம்பு சரியில்லாத அவர் பாரிஸில் இருந்துகொண்டு, காற்றழுத்தம் அளக்கும் பாதரசக் குழாயோடு தன் அக்காள் கணவரை மலையேற வைத்தார். அந்த மலை உச்சியில் பாதரசம் எட்டு செ.மீ. வாக்கில் இறங்கியிருந்தது. நம்மிடம் இருப்பது 163 மீட்டர் புக்கிட் தீமா குன்று. கடல்மட்டத்திலிருந்து அதன் உச்சிக்குப் போனால் பாதரசம் 14 மி.மீ. இறங்கும், அவ்வளவுதான். கைபேசி வந்ததால் பிழைத்தோம்.

தொட்டிக்காரன், உங்கள் பாட்டிலோடு இதைச் சேர்த்துச் சொல்லலாம். பதினைந்து மாடி, 42 மீட்டர் காற்று. அதன் அழுத்தம் உங்கள் பாட்டிலில் 5 செ.மீ. தண்ணீருக்குச் சமம். மேல் துளைக்குமேல் நின்ற தண்ணீரைவிடக் குறைவு.

---

தொட்டிக்காரன் | வெள்ளி, இரவு 10.10

நன்றி அக்கா, நன்றி எல்லாருக்கும். நேற்று மறுபடி செய்தேன், நடந்ததைச் சொல்கிறேன்.

முதலில் வகுப்பில் சொன்னேன்: "செவ்வாய்க்கிழமை நான் பிசிறு என்று சொன்னது சமாளிப்பு. எனக்கு விடை தெரியவில்லை." சிரிப்பார்கள் என்று நினைத்தேன். ஒருவரும் சிரிக்கவில்லை. பின்வரிசைக்காரன் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தான்.

புது பாட்டில், டிரில் முனையால் கையால் திருகிய துளை. அக்கா, வித்தியாசம் தெரிந்தது, தண்ணீர் கண்ணாடிக் கம்பி மாதிரி வந்தது. மேசைமேல் வைத்தால் எது தூரம் போகும், நாற்காலிமேல் வைத்தால் எது போகும் என்று முதலிலேயே கையைத் தூக்கச் சொன்னேன். நாற்காலிக்கும் 36 பேரில் 29 பேர் நடுத்துளைக்குத்தான் கை தூக்கினார்கள். செவ்வாய்க்கிழமைப் பாடம் அவ்வளவு நன்றாக ஏறியிருக்கிறது! நாற்காலியிலிருந்து தரையில் விழுந்தது 37, 50, 57 செ.மீ. தரையும் நனைந்தது, என் காலுறையும் நனைந்தது. துடைப்பம் வாங்கப் போனபோது துப்புரவு மாமி என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதற்கு எந்த அலகில் அளவு சொல்வது என்று தெரியவில்லை.

அப்புறம் கணக்குப்பிள்ளை சொன்ன அடிக்கோல். 10 செ.மீ. தள்ளி நிறுத்தி, படம் எடுத்து, திரையில் பெரிதாக்கினோம். இறக்கம் 4.6, 2.3, 1.5. ஆழத்தால் பெருக்கச் சொன்னேன். 27.6, 27.6, 27. அளந்த அந்த மாணவிதான் முதலில் முடித்தாள். முடித்துவிட்டு எதுவும் பேசாமல் செவ்வாய்க்கிழமை பக்கத்தைத் திருப்பினாள். எட்டிப் பார்த்தேன். மூன்று எண்களும், அதற்குக் கீழே ஆங்கிலத்தில் "சாருக்குத் தெரியவில்லை, திரும்பக் கேட்க வேண்டும்" என்றும் எழுதியிருந்தாள். அதன்மேல் ஒரு கோடு போட்டு அடித்தாள்.

இதோடு முடிந்தது என்று நினைத்தேன். பாட்டிலை எடுத்துவைக்கும்போது அவளே தண்ணீர் நிரப்பி மூடியையும் போட்டு இறுக்கிவிட்டாள், சிந்தாமல் இருக்கட்டும் என்று. துளைகள் திறந்தேதான் இருந்தன. மேல் துளையில் தண்ணீர் நின்றுவிட்டது. நின்றது மட்டுமில்லை, அந்தத் துளை வழியாக உள்ளே காற்று போக ஆரம்பித்தது, குளுக் குளுக்கென்று குமிழி. நடுத்துளையும் கீழ்த் துளையும் ஓடிக்கொண்டிருந்தன, ஆனால் முன்னைவிடச் சோர்ந்துபோய். மூடியைத் தளர்த்தினால் மேல் துளை மறுபடி பீய்ச்சுகிறது. இறுக்கினால் குமிழி. அரை வகுப்பு மேசையைச் சுற்றி நின்றுவிட்டது. மணி அடித்தும் போகவில்லை.

இந்தத் தடவை எனக்கு விடை தெரிந்திருந்தது, ஏனென்றால் இதை நான் ஒரு மொட்டைமாடியில் பார்த்திருக்கிறேன். தொட்டிக்குக் காற்று போக ஒரு குழாய் இருக்கும், கொசு போகாமல் அதன் வாயில் வலை கட்டியிருப்போம். ஒரு புளோக்குக்கு வெள்ளையடிக்க வந்தவர்கள் அந்த வலையோடு சேர்த்துச் சாயம் அடித்துவிட்டுப் போய்விட்டார்கள். மறுநாள் காலை எல்லாரும் குளிக்கிற நேரத்தில் குழாய்களில் தண்ணீர் விட்டு விட்டு வந்தது. பம்பைப் பார்த்தேன், வால்வைப் பார்த்தேன், எல்லாம் சரி. கடைசியில் தொட்டி மூடியை நெம்பியபோது ஹா என்று காற்றை இழுத்தது, கீழே தண்ணீர் சீரானது.

பாட்டிலிலும் அதேதான். மூடி இறுகியதும் தண்ணீர் வெளியேற வெளியேற மேலே உள்ள காற்று விரிந்து அழுத்தம் குறைகிறது. மேல் துளைக்கு உள்பக்கம் உள்ள அழுத்தமும் வெளிக்காற்றும் சமமாகும்வரை இறங்கி, அங்கே நின்றுவிடுகிறது. அதற்குமேல் இறங்கப் பார்த்தால் துளை வழியாக ஒரு குமிழி உள்ளே போய்ச் சரிசெய்துவிடும். ஆக மற்ற இரண்டு துளைகளுக்கும் ஆழம் இப்போது தண்ணீர் மட்டத்திலிருந்து இல்லை, மேல் துளையிலிருந்து. 12-க்குப் பதில் 6, 18-க்குப் பதில் 12.

இதை வகுப்பில் சொல்லவில்லை. மூடியோடு 10 செ.மீ. கோலில் எவ்வளவு இறங்கும் என்று திங்கட்கிழமைக்குள் கணக்குப் போட்டு வரச் சொல்லி அனுப்பிவிட்டேன். மேல் துளைக்கு விடை கிடையாது என்று எத்தனை பேர் எழுதுகிறார்கள் என்று பார்க்க வேண்டும்.

மின்தூக்கி யோசனையும் எடுத்துக்கொண்டேன், தெம்பனிஸ் அம்மாவுக்கு நன்றி. மெழுகுவத்தி புதன்கிழமை.

ஆய்வுக்கூட அக்கா | வெள்ளி, இரவு 10.31

வலைக்குச் சாயம் அடித்தவர்கள் நல்லா இருக்கட்டும். தம்பி, அந்தப் பாட்டிலைக் கசக்கிப் போட்டுவிடாதீர்கள். துளைமேல் புது டேப் ஒட்டி, வெளியே 6, 12, 18 என்று எழுதி அலமாரியில் வையுங்கள். மேல் துளையை மட்டும் மூடி, மற்ற இரண்டையும் திறந்து, மூடியை இறுக்கினால் என்ன ஆகும் என்று திங்கட்கிழமை கேட்டுப் பாருங்கள்.

தொட்டிக்காரன் | வெள்ளி, இரவு 10.44

இப்போதே சமையலறையில் செய்து பார்த்துவிட்டேன் அக்கா. நடுத்துளை குமிழி விடுகிறது. அம்மா "சரி, அப்புறம்?" என்றார். அப்புறம் வற்றல் தட்டு எங்கே என்று கேட்டார். பள்ளியில் இருக்கிறது.